உறுதிமொழி எடுத்த தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளே,

அமெரிக்கச் சட்டப் பள்ளிகளில் இந்த ஆண்டு சேர்ந்து, ஃபை ஆல்ஃபா டெல்டாவிலோ அதைப் போன்ற வேறொரு சட்ட மாணவர் ஃபிராட்டர்னிட்டியிலோ உறுதிமொழி எடுத்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த மடலை எழுதுகிறேன். உங்களில் சிலர் நியூ ஜெர்சியிலும் டெக்சசிலும் பிறந்து வளர்ந்தவர்கள். சிலர் சென்னையிலோ மதுரையிலோ பி.எல். முடித்துவிட்டு ஓராண்டு எல்எல்.எம். படிக்க வந்தவர்கள். சிலருடைய பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பியவர்கள். நானும் ஒரு காலத்தில் உங்களைப் போல வலக்கையை உயர்த்தி அந்த வாசகங்களைச் சொன்னவள்தான். ஃபை ஆல்ஃபா டெல்டாவின் மேல் எனக்கு இன்றும் உண்மையான பற்று உண்டு. அதனால்தான் அதன் வரலாற்றை, பெருமையும் சிறுமையுமாக, முழுதாக உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில் உங்கள் வீட்டாரின் கவலை. ஃபிராட்டர்னிட்டி என்றதும் சினிமாவில் பார்த்த குடியும் ராகிங்கும்தான் அம்மா அப்பாவுக்கு நினைவுக்கு வரும். இளங்கலை மாணவர்களின் சில சங்கங்களில் புதியவர்களைத் துன்புறுத்தி உயிர்கள் போனதும் உண்டு, அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. சட்ட மாணவர் சங்கங்கள் வேறு வகை. இவை தொழில் சார்ந்தவை. மாளிகை போன்ற தங்கும் வீடுகள் பெரும்பாலும் இல்லை. பட்டம் பெற்று வேலைக்குப் போன பிறகும், நீதிபதியே ஆன பிறகும் உறுப்பினராகவே இருப்பீர்கள். கிளைத் தலைவரை ‘ஜஸ்டிஸ்’ என்றும் செயலரை ‘கிளார்க்’ என்றும் ஃபை ஆல்ஃபா டெல்டாவில் அழைப்பார்கள். ஃபை டெல்டா ஃபை என்ற மற்றொரு சட்ட மாணவர் சங்கத்தில் கிளைக்கே ‘இன்’ என்று பெயர், லண்டனின் பழைய வழக்கறிஞர் விடுதிகளை நினைத்து வைத்தது. இதையெல்லாம் வீட்டில் சொல்லுங்கள். அவர்கள் மனம் சமாதானம் ஆகும்.

இனி வரலாறு. 1897 நவம்பரில் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம், வழக்கறிஞராகப் பதிவு செய்வதற்கான விதிகளை மாற்றியது. இரண்டு ஆண்டுப் படிப்பு போதும் என்றிருந்தது மூன்று ஆண்டாயிற்று. சட்டக் கல்லூரிப் பட்டத்தைக் காட்டிப் பதிவு செய்துகொள்ளும் வசதி போய், எல்லோரும் மாநிலத் தேர்வு எழுத வேண்டும் என்றானது. விதி கெட்ட விதி அல்ல. வழக்கறிஞரை நம்பிச் சொத்தையும் சுதந்திரத்தையும் ஒப்படைக்கிற மக்களுக்கு அது நல்லதுதான். ஆனால் பழைய விதியை நம்பிக் கல்லூரியில் சேர்ந்து, பாதிப் படிப்பைக் கடந்துவிட்ட சிகாகோ மாணவர்களையும் அது பிடித்துக்கொண்டது. நடுவழியில் விதி மாறினால் யார் பொறுப்பு என்று கேட்டு அந்த மாணவர்கள் திரண்டார்கள். மாநிலச் சட்டமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 1897 நவம்பருக்கு முன்பே படிக்கத் தொடங்கியவர்களுக்குப் பழைய விதியே பொருந்தும் என்று 1899-ல் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றிக் கொடுத்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை அடித்துப் போட்டது. யார் வழக்கறிஞர் ஆகலாம் என்று தீர்மானிப்பது நீதித்துறையின் அதிகாரம், சட்டமன்றம் அதில் நுழைய முடியாது என்பது தீர்ப்பு. ‘டே வழக்கு’ என்று அதற்குப் பெயர். அதிகாரப் பிரிவினை பற்றிப் படிக்கும்போது உங்கள் கையில் அகப்படலாம், எடுத்துப் படித்துப் பாருங்கள்.

வழக்கில் தோற்றார்கள். ஆனால் அந்தப் போராட்டத்தில் ஒன்றுசேர்ந்த நட்பு கலையவில்லை. சிகாகோ மாணவர்கள் ‘லாம்டா எப்சிலான்’ என்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். அது சரியாக ஓடவில்லை. 1902-ல் மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள சவுத் ஹேவன் என்ற சிற்றூரில் கூடி அதைக் கலைத்தார்கள். அந்த ஆண்டிலேயே அதன் இடத்தில் எழுந்ததுதான் ஃபை ஆல்ஃபா டெல்டா. மாணவருக்கு, சட்டப் பள்ளிக்கு, தொழிலுக்கு, சமூகத்துக்குச் சேவை என்று நீங்கள் சொன்ன நான்கு சொற்களின் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. தொழிலின் வாசலில் நிறுத்தி வைக்கப்பட்ட பிள்ளைகள், ஒருவருக்கொருவர் துணையாக நின்று தொடங்கிய சங்கம் இது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அதனாலேயே அடுத்த பகுதி வலிக்கிறது. வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே போனதும், தமக்குப் பின்னால் வந்தவர்களை நிறுத்தி வைத்தார்கள்.

மிகப் பழைய சட்ட மாணவர் சங்கமான ஃபை டெல்டா ஃபை 1869-ல் ஆன் ஆர்பரில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கமே 1878-ல்தான் வந்தது என்றால் இதன் வயதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதே 1869-ல், சிகாகோவில் சட்ட இதழ் ஒன்றை நிறுவி நடத்திவந்த மைரா பிராட்வெல் என்ற பெண்மணி வழக்கறிஞர் தேர்வில் தேறினார். திருமணமான பெண் என்று சொல்லி இல்லினாய் நீதிமன்றம் அவருக்கு உரிமம் மறுத்தது. பிறகு பெண் என்பதே போதிய காரணம் என்றது. 1873-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது. 1890-ல், அவருடைய முதுமையில், இல்லினாய் நீதிமன்றம் தானாக முன்வந்து உரிமம் கொடுத்தது. நான்கே ஆண்டுகளில் அவர் இறந்துபோனார்.

மாணவர் சங்கங்களும் பெண்களைச் சேர்க்கவில்லை. மிச்சிகனில் சாரா கில்கோர் என்ற பெண் 1871-லேயே சட்டப் பட்டம் வாங்கிவிட்டார். பெண்ணுக்குப் படிக்க வகுப்பில் இடம் கிடைத்தது, சங்கத்தில் கிடைக்கவில்லை. ஆகவே பெண்கள் தாங்களே கட்டிக்கொண்டார்கள். 1908-ல் சிகாகோவில் கென்ட் சட்டக் கல்லூரியில் ‘கப்பா பீட்டா பை’, 1911-ல் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ‘ஃபை டெல்டா டெல்டா’. ஹார்வர்டு சட்டப் பள்ளி பெண்களைச் சேர்த்ததே 1950-ல் என்பதை நினைத்துக்கொண்டு இந்த ஆண்டுகளைப் பாருங்கள். ஃபை டெல்டா டெல்டா 1972-ல் நம் சங்கத்தோடு இணைந்தது. அதே ஆண்டில் வந்த கூட்டரசின் ‘ஒன்பதாம் தலைப்பு’ச் சட்டம் கல்வி நிலையங்களில் பால் பாகுபாட்டைத் தடை செய்தது. 1974-ல் அதில் திருத்தம் வந்தபோது சமூகக் கேளிக்கைச் சங்கங்களுக்கு விலக்குக் கிடைத்தது, தொழில் சார்ந்த சங்கங்களுக்குக் கிடைக்கவில்லை. அதுவே சரி என்பது என் கருத்து. வேலைக்கும் பதவிக்கும் ஏணி போடுகிற இடத்தில் ஆண்களுக்கு மட்டும் என்று பலகை மாட்ட யாருக்கும் உரிமை இல்லை.

இன விஷயம் இன்னும் கசப்பானது. 1912-ல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் மூன்று கறுப்பின வழக்கறிஞர்களைத் தெரியாமல் உறுப்பினராக்கிவிட்டது. அவர்களில் ஒருவரான வில்லியம் லூயிஸ் அப்போது அமெரிக்க அரசின் உதவி அட்டர்னி ஜெனரல். தெரிந்ததும் பெரும் ரகளை. இனி விண்ணப்பிப்பவர்கள் தம் இனத்தைக் குறிப்பிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இனம் தடையாகாது என்று அந்தச் சங்கம் சொல்ல 1943 வரை ஆயிற்று. அதற்குள் கறுப்பின வழக்கறிஞர்கள் பொறுத்திருக்கவில்லை, 1925-ல் தங்களுக்கென்று தேசிய வழக்கறிஞர் சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். மூத்தவர்கள் செய்ததையே மாணவர் சங்கங்களும் செய்தன. ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் தனியாகச் சட்ட மாணவர் சங்கம் வைத்துக்கொண்டார்கள். யூத மாணவர்கள் ‘நியூ பீட்டா எப்சிலான்’, ‘டாவ் எப்சிலான் ரோ’ என்று தொடங்கினார்கள். இத்தனை சங்கங்கள் தனித்தனியாக ஏன் இருந்தன என்று கேட்டால், பெரும்பாலும் பதில் ஒன்றுதான். மற்ற இடத்தில் இவர்களை உள்ளே விடவில்லை.

நம்மைப் போன்ற ஆசியர்கள் எங்கே நின்றார்கள்? ஹாங் யென் சாங் என்ற சீன இளைஞரின் கதையை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். சிறுவயதில் சீன அரசின் கல்வித் திட்டத்தில் அமெரிக்கா வந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1886-ல் கொலம்பியா சட்டப் பள்ளியில் பட்டம் பெற்றார். நியூ யார்க்கில் வழக்கறிஞராகவும் பதிவு செய்துவிட்டார். 1890-ல் கலிபோர்னியா போனபோது அம்மாநில உச்ச நீதிமன்றம் அவரை ஏற்க மறுத்தது. 1882-ன் சீனர் விலக்குச் சட்டப்படி சீனர் எவரும் குடியுரிமை பெற முடியாது, குடிமகன் அல்லாதவர் வழக்கறிஞராக முடியாது என்பது காரணம். அவர் வங்கித் துறைக்கும் தூதரகப் பணிக்கும் போனார். 1926-ல் இறந்தார்.

அவர் இறந்து ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, கலிபோர்னியாவின் டேவிஸ் சட்டப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஆசிய அமெரிக்க மாணவர் சங்கத்தினர் அந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்தார்கள். பேராசிரியர் ஒருவர் வழிகாட்டினார், சட்ட நிறுவனம் ஒன்று கட்டணம் வாங்காமல் மனு எழுதிக் கொடுத்தது. 2015 மார்ச் 16 அன்று கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஹாங் யென் சாங்கை, இறந்தவராகவே, வழக்கறிஞராக ஏற்றுக்கொண்டது. மாணவர்கள் செய்த வேலை இது.

இன்னொருவர் ஜப்பானிலிருந்து வந்த தகுஜி யமாஷிதா. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, தேர்வில் தேறி, நிறத்தின் பேரால் குடியுரிமை இல்லை என்பதால் தடுக்கப்பட்டு, அம்மாநில உச்ச நீதிமன்றத்தில் தன் வழக்கைத் தானே வாதாடித் தோற்றார். ஆண்டு 1902. நம் சங்கம் பிறந்த அதே ஆண்டு. சிகாகோ மாணவர்கள் நடுவழியில் விதி மாறியதால் அவதிப்பட்டவர்கள்தான், ஆனாலும் கடைசியில் தேர்வு எழுதித் தொழிலுக்கு வர அவர்களுக்கு வழி இருந்தது. யமாஷிதாவுக்கு எந்த வழியும் விடப்படவில்லை. உணவகமும் விடுதியும் நடத்தி வாழ்ந்தார், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க அரசு ஜப்பானியரை அடைத்த முகாமில் அடைக்கப்பட்டார். 2001-ல்தான், அவர் காலமாகிப் பல்லாண்டுகள் கழித்து, வாஷிங்டன் நீதிமன்றம் அவரை வழக்கறிஞராக ஏற்றது.

இந்தியர்களும் இந்தச் சுவரில்தான் முட்டிக்கொண்டார்கள். 1923-ல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் ‘வெள்ளையர்’ அல்லர் ஆகையால் குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1946 வரை அதுதான் நிலை. குடிமகனாக இருந்தால்தான் வழக்கறிஞர் என்ற விதியே அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பு வந்தது 1973-ல். கனெக்டிகட் மாநிலத்தில் வசித்த ஒரு டச்சுப் பெண் போட்ட வழக்கு அது. சென்னையிலிருந்து மாணவர் விசாவில் வந்திருக்கும் தங்கையே, குடியுரிமை இல்லாமலே நீ நியூ யார்க் வழக்கறிஞர் தேர்வு எழுதப் போகிறாய் என்றால், முன்பின் அறியாத அந்தப் பெண்ணுக்கு நீ கடன்பட்டிருக்கிறாய். பூர்விகம் திருநெல்வேலியாகக் கொண்ட ஸ்ரீ சீனிவாசன் 2013-ல் வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 97-0 என்ற வாக்கில் போனபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். மகிழ வேண்டியதுதான். அந்த வாசலைத் திறக்க எத்தனை பேர் வெளியே நின்று தோற்றார்கள் என்பதும் நம் நினைவில் இருக்க வேண்டும்.

சரி, இப்போது வெளியே நிற்பது யார்? இந்தக் கேள்வியைக் கேட்காத சேவைக்குப் பொருள் குறைவு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2017 ஜனவரியில் இலங்கைத் தமிழர் ஒருவர் மெக்சிகோ எல்லையைத் தாண்டி ஏறத்தாழ 25 கெஜ தூரத்தில் பிடிபட்டார். ஊரில் விவசாயி. வேனில் வந்தவர்கள் தன்னைக் கடத்திக் கடுமையாக அடித்தார்கள் என்று அதிகாரியிடம் சொன்னார். யார் அடித்தார்கள், ஏன் அடித்தார்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஆட்களைக் கடத்திப்போகும் ‘வெள்ளை வேன்’ என்றால் இலங்கையில் என்ன பொருள் என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். புகலிட அதிகாரி, நம்பத்தக்க அச்சம் நிறுவப்படவில்லை என்று முடித்துவிட்டார். நேர்காணலில் மொழிபெயர்ப்புத் தடுமாற்றம் இருந்ததாக அவருடைய மனு சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 ஜூனில் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர் தோற்றார். விரைவு வெளியேற்ற நடைமுறையில் அதிகாரியின் முடிவை நீதிமன்றம் மறு ஆய்வு செய்யத் தேவையில்லை என்றாகிவிட்டது. குடியேற்றச் சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் ‘துரைசிங்கம் வழக்கு’ என்று ஒரு தமிழர் பெயரைச் சொல்லித்தான் இனி அந்தச் சட்டத்தைப் படிப்பார்.

உச்ச நீதிமன்றத்தின் 1963-ம் ஆண்டு கிடியன் தீர்ப்புக்குப் பிறகு, குற்ற வழக்கில் சிறைக்குப் போகவேண்டிய ஏழைக்கு அரசு வழக்கறிஞர் வைத்துக் கொடுக்க வேண்டும். ஃபுளோரிடா சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனுவில் பிறந்த உரிமை அது. குடியேற்ற நீதிமன்றத்தில் அந்த உரிமை இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம், அரசு செலவில் அல்ல என்று சட்டமே சொல்கிறது. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்குகளிலும் பெரும்பாலான ஊர்களில் இல்லை. 2017-ல் நியூ யார்க் நகரம்தான் வாடகைதாரருக்கு அந்த உரிமையைக் கொடுத்த முதல் நகரம். ஆகவே நாடெங்கும் வாடகை நீதிமன்றங்களில் ஒரு பக்கம் கோட்டு போட்ட வழக்கறிஞரும் மறுபக்கம் குழந்தையை இடுப்பில் வைத்த தாயுமாக நிற்கிறார்கள்.

நம் கிளைகளில் நடக்கும் சேவைகளை நான் நன்கு அறிவேன். நவம்பரில் டப்பா உணவு சேகரிப்போம், வசந்தத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் நடத்துவோம், படம் எடுத்துப் போடுவோம். பசித்தவர்களுக்கு உணவு போய்ச் சேர்கிறது, அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் டப்பா சேகரிக்க யாராலும் முடியும். சட்ட மாணவரால் மட்டும் முடிகிற வேலைகள் இருக்கின்றன. குடியுரிமை விண்ணப்பப் படிவத்தை ஒரு முதியவரோடு உட்கார்ந்து நிரப்ப முடியும். பழைய சிறு குற்றப் பதிவை அழிக்கும் மனுவைத் தயாரிக்க முடியும். காலி செய்யச் சொல்லும் மனுவுக்குக் கெடு முடியும் முன் பதில் எழுத உதவ முடியும். பல மாநிலங்களில் மூத்த மாணவர்கள், மேற்பார்வை வழக்கறிஞர் உடனிருக்க, நீதிமன்றத்திலேயே நின்று பேசவும் விதி உண்டு. மேற்பார்வை இல்லாமல் யாருக்கும் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது, அது குற்றம், வந்தவருக்கும் கேடு. அதனால் சட்ட உதவி அலுவலகத்தோடு அல்லது உங்கள் பள்ளியின் சட்ட உதவி மையத்தோடு சேர்ந்துதான் எதையும் செய்யுங்கள்.

உங்களிடம் தமிழ் இருக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குடியேற்ற அதிகாரிகளிடம் கொடுக்கும் வேற்றுமொழி ஆவணம் ஒவ்வொன்றுக்கும் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர், இது முழுமையானது, சரியானது, எனக்கு இந்த மொழியைப் பெயர்க்கும் தகுதி உண்டு என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். அவர் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. கிராம அலுவலர் கொடுத்த சான்றிதழ், காவல் நிலையத்தில் கொடுத்த புகார், இறப்புப் பதிவு, காணாமல் போனவரைத் தேடி அம்மா எழுதிய கடிதம் இவற்றையெல்லாம் ஆங்கிலமாக்க ஆள் கிடைக்காமல் சட்ட உதவி அலுவலகங்கள் திண்டாடுகின்றன. வட்டாட்சியர் என்றால் யார், கிராம சேவகர் என்றால் யார் என்று விளக்கக்கூடிய ஒருவர் அந்த மேசையில் இருந்தால் ஒரு குடும்பத்தின் விதி மாறும். தமிழ் எழுத்து சரியாக வராத பிள்ளைகளே, பேச்சு வந்தால் போதும், உட்காருங்கள். படிக்கத் தெரிந்த பாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ளுங்கள். பேச்சையும் படிப்பையும் சேர்த்து வைத்துக்கொண்டு கையொப்பமிடத் தயாரானதும் கையொப்பமிடுங்கள், அதற்கு முன்பு அல்ல.

நியூ யார்க்கில் வழக்கறிஞராகப் பதிவு செய்ய 50 மணி நேரம் கட்டணமில்லாச் சேவை கட்டாயம். டுலேன் சட்டப் பள்ளி 1987-லேயே பட்டத்துக்கு அதை நிபந்தனையாக்கிய முதல் பள்ளி. நல்ல விதிகள். ஆனால் 50 முடிந்ததும் பலர் எழுந்து போய்விடுகிறார்கள். உறுதிமொழி எடுத்தவர்களுக்கு 50 என்பது தொடக்கம்.

சக மாணவர்களுக்குச் செய்வதும் சேவைதான். முதல் ஆண்டில் பெரும்பாலும் ஒரு பாடத்துக்கு ஒரே தேர்வு, அதுவும் வகுப்போடு ஒப்பிட்டு மதிப்பெண். அருகில் இருப்பவர் நன்றாக எழுதினால் உன் மதிப்பெண் குறையும் என்று அமைத்த ஏற்பாடு நல்லவர்களையும் கைமூடச் செய்யும். அங்கேதான் சங்கம் வேண்டும். உங்கள் குறிப்புகளைக் கொடுங்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்த மாணவருக்குப் பேராசிரியரின் கேள்விக்கு எப்படி எழுந்து பதில் சொல்வது என்று கற்றுக்கொடுங்கள். கோடை வேலைக்கு நேர்காணலுக்குப் போக நல்ல உடை இல்லாதவரைக் கண்டால், பிறர் அறியாமல் உதவுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தப் பருவத்தில் உங்கள் கிளைக் கூட்டம் ஒன்றில் எழுந்து நின்று, நம் கிளையில் முதல் பெண் உறுப்பினர் எந்த ஆண்டு சேர்ந்தார், முதல் கறுப்பின உறுப்பினர், முதல் ஆசிய உறுப்பினர் எந்த ஆண்டு சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் நூலகத்தின் ஆவணப் பிரிவில் போய்த் தேடுங்கள், கிடைத்ததை எழுதிக் கிளைப் பதிவில் சேர்த்து வையுங்கள். பிறகு அருகிலுள்ள சட்ட உதவி அலுவலகத்தை அழைத்து, தமிழ் தெரிந்த மாணவர்கள் இருக்கிறோம், எந்தக் கிழமை வரலாம் என்று கேளுங்கள். இரண்டையும் இந்த மாதமே செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் சங்கத்து அக்கா